ஹன்னா சொல்லாத நாலு நிமிடம்

போன கிழமை மார்க்கம் நகரில் ஒரு பேக்கரிக்குப் போனேன். பேத்தியின் பிறந்தநாள் கேக்கை எடுத்துவரத்தான். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கசகசாவை அரைத்து உள்ளே வைத்துச் சுருட்டிச் சுட்ட ரொட்டி ஒன்று இருந்தது. கடைப் பெண் அதை வெட்டினாள். தேனும் எலுமிச்சைத் தோலும் கலந்த அந்த வாசம் என்னை நேரே 1985க்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கேக்கை மறந்து வெறுங்கையோடு வீடு வந்தேன். மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதப்போவதில்லை.

அப்போது நான் ஊரைவிட்டு வந்த புதிதில், ஸ்காபரோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் சரித்திர ஆசிரியர். விவாத மேடைகளில் பேர்போன தொண்டை என்னுடையது. கோப்பைகள் கைதட்டுவதில்லை, பாருங்கள். அந்தக் குறை எனக்கு நிறைய இருந்தது.

சனிக்கிழமை மதியங்களில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். இருபது பேரும் நம்மவர்கள். உலர்ந்தும் உலராத கோட்டுகளின் நாற்றத்துக்கு நடுவே, புத்தகத்தைக் காட்டிலும் மனிதர்களின் கதைதான் மொழியைப் படிப்பிக்கும் என்று நம்பிய ஓர் இளம் ஆசிரியை. அவர்தான் ஹன்னாவை அழைத்துவந்தார். யூதப் பெண், அறுபதைத் தாண்டியவர், போலந்தில் ஒரு சின்னப் பட்டணத்தில் பிறந்தவர். ஆறு சனிக்கிழமை வந்து தன் கதையைச் சொல்லுவார், நான் தமிழில் சொல்லவேண்டும். எனக்கு வந்த சந்தோஷம்! ஒரே சேர்ட்டை இரண்டு தடவை அயர்ன் பண்ணினேன்.

முதல் நாளே கசகசா ரொட்டி கொண்டுவந்தார். யுத்தத்திலிருந்து தொடங்கவில்லை. அப்பாவின் பொத்தான் கடையிலிருந்து தொடங்கினார். பூட்டனாருக்குக் காணி வாங்க அனுமதி இல்லை. அதனால் தோளில் பெட்டியைச் சுமந்து பொத்தான் விற்றார். ஏன் அனுமதி இல்லை? யார் மறுத்தது? எத்தனை தலைமுறையாக? ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதியே காலம் தள்ளியவன் நான். ஒரு பொத்தான் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மக்களின் சரித்திரம் முழுவதும் எழுந்து வருவதை அன்றுதான் பார்த்தேன்.

யூதர்களின் ஓய்வுநாளுக்காக வெள்ளி பொழுதுபடமுன் கடையைப் பூட்டி அம்மா மெழுகுதிரி ஏற்றுவார் என்றதும் மன்னாரிலிருந்து வந்த அந்தோனி அண்ணை எழும்பினார். “வெள்ளிக்கிழமையிலை கடை பூட்டினா யாவாரம் என்னெண்டு நடக்கிறது எண்டு கேளும், மாஸ்ரர்.”

ஹன்னா விழுந்து விழுந்து சிரித்தார். “என் அப்பாவும் அம்மாவிடம் அதைத்தான் கேட்பார்.”

அவருக்கு ஒரு விதி இருந்தது. கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுவார். தெரியாததைத் தெரியாது என்பார். “யூதர்களை யாரும் கொன்று குவிக்கவே இல்லை என்று இந்த நகரத்திலேயே நோட்டீஸ் அடிக்கிறார்கள். நான் ஒரு சொல்லைக் கூட்டினால் அவர்களுக்கு அது போதும்.” இதையும் நான்தான் மொழிபெயர்த்தேன், வெகு அழகாக.

முன்வரிசையில் எப்போதும் பாக்கியமக்கா இருப்பார். மட்டக்களப்பு. தையல் தொழிற்சாலையில் வேலை. ஊரில் அவருடைய தம்பியைப் பிடித்துப்போய் ஒரு வருடமாகியும் செய்தி இல்லை. அவர் கேள்வி கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்.

நாலாம் சனி. ஹன்னா சொன்னார்: “ஒரு காலை என் தம்பி டாவிட்டை வேலைக்கென்று கூட்டிப்போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அவனுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.”

அவ்வளவுதான். நான் தமிழில் நாலு நிமிடம் பேசினேன். டாவிட்டை மதிலோரம் முழங்காலில் நிறுத்தினேன். வெடி தீர்த்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா பார்த்திருக்க, அவன் அவள் பெயரைச் சொல்லி விழுந்தான். சபை விம்மியது. நான் மிதந்தேன்.

“நான் சொன்னது இவ்வளவு நீளமா?” என்றார் ஹன்னா.

“தமிழ் நீளமான மொழி,” என்றேன்.

வெளியே அந்தோனி அண்ணை என் முதுகில் தட்டினார். “மனிசி மூண்டு வசனம் சொன்னா நீர் மூண்டு பக்கம் விடுறீர். உம்மடை கடையிலை கலப்படம் கூட, மாஸ்ரர்.” நான் சிரித்தேன். பின்னால் வந்த பாக்கியமக்கா மெதுவாகச் சொன்னார்: “அவவுக்கு எண்டாலும் கண்ணால கண்ட நிம்மதி இரிக்கு, மாஸ்ரர். எனக்கு அதுவும் இல்ல.”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த சனி பாக்கியமக்கா ஹன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கிழமையாகப் பாடமாக்கிய ஆங்கிலம். தம்பி சாவதைப் பார்த்தீர்கள், நீங்கள் அதிர்ஷ்டசாலி என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். ஹன்னாவின் முகம் வெளிறியது. “யார் சொன்னது? நான் காணவில்லையே!”

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “இவருக்குச் சரியாக விளங்கவில்லை. இவருடைய ஆங்கிலம் மோசம்.” பிறகு தமிழில் பாக்கியமக்காவிடம்: “அவவுக்கு அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லையாம். இனிக் கேளாதேங்கோ.”

மோசம் என்ற சொல் விளங்குமளவுக்கு அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. கையை எடுத்துக்கொண்டார். ஆறாம் சனி அவர் வரவில்லை. அன்றும் எனக்குக் கைதட்டு கிடைத்தது.

அந்தத் தேவாலயத்தை இடித்த இடத்தில் இப்போது இருபத்தைந்து மாடிக் கட்டடம் நிற்கிறது. ஹன்னா தொண்ணூறுகளிலேயே போய்விட்டார். பேக்கரியிலிருந்து வந்த அன்று, அஜக்ஸ் நகரில் இருக்கும் பாக்கியமக்காவின் மகளைத் தேடிப்பிடித்து போன் எடுத்தேன்.

“அம்மா செத்து ஆறு வருசம், அங்கிள். மாமாவைப் பற்றிக் கடைசிவரைக்கும் ஒண்டும் தெரியா. ஆனா அந்த யூத அன்ரியைப் பற்றி நெடுகச் சொல்லுவா. தம்பி சாகிறதைக் கண்ணால கண்டவ, குடுத்து வைச்சவ எண்டு. நான் என்ர பிள்ளையளுக்கும் சொல்லியிருக்கன்.”

முழுவதையும் சொன்னேன்.

“அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நிலைமைதானே, அங்கிள். அவங்க ரெண்டு பேரும் கதைச்சிருக்கலாமே. ஏன் கதைக்க விடல்ல?”

“என்ரை மரியாதை போயிடும் எண்டு பயந்து, பிள்ளை.”

அவள் போனை வைத்தாள்.