ஸ்டெல்லா அடித்த இரண்டு ஆணிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெலாப்பாங் ஊர்க் கடையில் தோசைக்கு உட்கார்ந்திருந்தபோது என் மச்சான் மணியம் போன் செய்தான். "ஸ்டெல்லா போயிட்டாங்க லா. மூளையில ரத்தக் கசிவாம்." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இனி அந்தக் குழியின் சுவரை யார் பார்ப்பார்கள்?

பத்து காஜா ஊர்ப் பக்கம், ரப்பர் பால்மரங்களை வெட்டித் தள்ளிய பழைய தோட்டத்தில் தங்கம் தோண்டும் வேலை எங்களுக்கு. ஸ்டெல்லா நிலவியலாளர், நான் பாறையில் துளை போடுகிறவன். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளை எதிர்த்துப் பேசாதவர் எங்களில் யாருமில்லை, அதிலும் நான்தான் அதிகம்.

ஒருநாள், துளையிலிருந்து எடுத்த கல் உருளைகளை அடுக்கிய தட்டைக் கீழே போட்டுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று கைக்கு வந்தபடி அடுக்கி வைத்தேன். அவள் ஒரு நிமிடம்தான் பார்த்தாள். "பூமி இப்படித் தலைகீழா பிளக்காதுண்ணே" என்றாள். மேலிடத்துக்குச் சொல்லவில்லை. என்னை உட்கார வைத்து, உருளைகளின் முறிந்த முனைகளைப் பொருத்தி அடுக்க வைத்தாள். வெள்ளைக்கல்லில் இருந்த வரிகளை விரலால் காட்டினாள். "பூமியோட மேலோடு இழுபட்டு மெலிஞ்சப்ப இங்க பிளந்துச்சு. ஆழத்துல இருந்து சுடுதண்ணி ஏறுச்சு. அழுத்தம் சட்டுன்னு குறைஞ்சதும், கரைஞ்சிருந்த தங்கமும் வெள்ளைக்கல்லும் படிஞ்சு பிளவை அடைச்சிருச்சு. இழுப்பு நிக்கல. மறுபடி பிளந்துச்சு, மறுபடி அடைச்சுச்சு. ஒவ்வொரு வரியும் ஒரு தடவை." நான் பதினொன்று எண்ணினேன்.

அந்த இழுப்பு என்றைக்கோ ஓய்ந்துவிட்டது. ஆனால் பிளவின் ஓரக் கல் களிமண்ணாக நைந்து கிடக்கிறது, மழைத் தண்ணீர் அதற்குள்தான் இறங்கிச் சுவரைச் சரிக்கும் என்பாள். குழியின் மேல்விளிம்பில் வெடிப்பு ஒன்று தெரிந்ததும், இருபுறமும் ஆணி அடித்து, நடுவே நூல் கட்டித் தினமும் அளந்தாள். மூன்றாம் நாள், பாதுகாப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வேலையை நிறுத்தினாள். கீழே இறங்கும் ஆறு பேரில் மணியமும் ஒருவன். மேனேஜர் கத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை. "மலை உன்கிட்ட வந்து சொல்லுச்சா?" என்றேன். "சொல்லிக்கிட்டுதாண்ணே இருக்கு" என்று அளவை எழுதிக்கொண்டாள். அப்படிக் கேட்டதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்து திரும்பும்போது மேனேஜர் என் தோளில் கை போட்டார். இனி மூத்த ஆள் நீதான், பாதுகாப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடு, வியாழக்கிழமை ஆட்களை இறக்கிடலாம் என்றார். அங்கிருந்து நேராகக் குழிக்குப் போனேன். நூல் அறுந்து கிடந்தது. அவள் கடைசியாக அளந்தபோது வெடிப்பில் இரண்டு விரல் போகும். இப்போது என் கை முழுதாகப் போனது.

அவளுடைய அளவு நாடாவை அவள் கணவர் என்னிடம் தந்தார். அதையும், அவள் சொன்ன அந்த 'மாட்டேன்' என்பதையும் நான் வைத்துக்கொள்கிறேன். படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். வேறொருவன் போட்டுவிட்டானாம்.

இன்று மதியத்திலிருந்து மழை. சற்று முன் மணியம் கூப்பிட்டான். "நாளைக்கு ஏழு மணிக்கு எறங்கணுமாம். நீங்க வாரீங்களா மச்சான்?"

"வாரேன். ஆறு மணிக்கே வந்து வழியில நிப்பேன். எறங்கணும்னா என்னைத் தாண்டித்தான் எறங்கணும்."

அவன் பக்கத்திலும் மழைச் சத்தம் கேட்டது.