எடை மேடை வரை

1991 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை, பகல் 11.20. ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஜம்புலிங்கத்தின் மெக்கானிக் ஷெட்டில், ஏழு வருடம் ஓடிய முந்நூற்றைம்பது சி.சி. பைக் ஒன்றைப் பரந்தாமன் வாங்கினான்.

இனி வரும் தேதிகளும் நேரங்களும் அவன் நோட்டில் உள்ளவை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வருகிற ஒவ்வொரு உதிரியையும் அளந்து, அளந்த நேரத்தையும் எழுதினால்தான் அது அவன் மேசையைத் தாண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் எத்தனை மணிக்குப் பொங்கியது என்றுகூட எழுதுகிற ஆள் என்று மனைவி நாகவல்லி கேலி செய்வாள். இல்லாததை எழுத அவனுக்கு வராது. நம்பாதவர்கள் அந்த நோட்டை வாங்கிப் பார்க்கலாம்.

ஷெட்டில் அன்று இரண்டு வண்டிகள் அருகருகே நின்றன. ஒன்று நூறு சி.சி., இரண்டே வருடம் ஓடியது. இன்னொன்று இது. இரட்டை சிலிண்டர், இரண்டு சைலன்சர், கருப்பு டேங்கில் தங்கக் கோடு. பரந்தாமன் அதுவரை ஓட்டியது சைக்கிளும் நண்பனின் மொபெட்டும்தான். லைசென்ஸ் கைக்கு வந்து நாற்பது நாள். ஜம்புலிங்கம் ஒளிக்காமல் சொன்னார். புதிதாக ஓட்டுகிறவனுக்கு நூறு போதும். இது இன்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று சுற்றும் வரைக்கும் பசு மாதிரி வரும், மீட்டர் முள் அதைத் தாண்டினால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இதைப் பிடித்து நிறுத்தப் பழகவே ஒரு வருடம் வேண்டும். ஆடி மாதத்தில் வண்டி எடுக்கலாமா என்றும் அவரே கேட்டார். பழைய வண்டிக்கு ஏது ஆடி என்றான் பரந்தாமன். கிக்கரை உதைத்து அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு யார் சொல்வதும் அவன் காதில் விழவில்லை.

இடது பக்கம் பின் சக்கரத்தில் சாரி கார்டு இல்லை. பின்னால் ஒருக்களித்து உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்தில் போகாமல் தடுக்கும் கம்பி வலை அது. முந்தைய சொந்தக்காரர் அழகுக்காகக் கழற்றியிருந்தார். ஜம்புலிங்கம் ஒரு சாக்கிலிருந்து அதே கார்டைத் தேடி எடுத்தார். மாட்டப் பத்து நிமிடம் ஆகும் என்றார். கூட வந்திருந்த கோதண்டம், பட்டறையில் பக்கத்து மேசைக்காரன், அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னா மாமே... குதுரய வாங்கிகினு அதுக்குப் பாவாட கட்றியா?”

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பரந்தாமனும் சிரித்தான். கார்டு திரும்பச் சாக்குக்குள் போனது.

நாகவல்லிக்கு இந்த வண்டி பற்றித் தெரியாது. கல்யாணமாகி ஐந்து மாதம். ஆடிக்கு அவளைச் செம்பரம்பாக்கத்துக்குத் தாய்வீட்டார் அழைத்துப் போயிருந்தார்கள். ஆவணி பிறந்ததும் அவன் போய் அழைத்து வர வேண்டும். இந்த வண்டியில் போய் இறங்க வேண்டும். அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். பின்னால் உட்கார வைத்து நெமிலிச்சேரி வீடு வரை பத்திரமாகக் கொண்டு வர வேண்டும். நடுவே இருபத்தெட்டு நாள் இருந்தது. அதற்குள் வண்டி கைக்குள் வந்துவிட்டால் போதும். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஜூலை 24, புதன். முதல் ஷிப்டு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தான். நல்ல வெயில். ஆவடியைத் தாண்டியபோது மணி 2.31. வண்டியின் பின்பக்கம் ‘க்ரீச்’ என்று ஒரு சத்தத்தோடு அமுங்கியது. ஓடும் வண்டியில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. ஹேண்டில்பார் இடது பக்கம் இழுத்தது. திரும்பிப் பார்த்தான். சீட் காலியாக இருந்தது. வெயிலில் ரெக்ஸின் பளபளத்தது.

டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று மெதுவாகவே ஓட்டினான். பட்டாபிராம் தாண்டிச் சாலையோரம் லாரிகளுக்கான எடை மேடை ஒன்று இருந்தது. அதன் எதிரே வந்ததும் பின்பக்கம் மேலே எழும்பியது. வண்டி இறகு மாதிரி லேசாகி முன்னால் பாய்ந்தது. மணி 2.41.

மறுநாளும் அப்படியே. 2.31-க்கு ஏறியது. 2.41-க்கு இறங்கியது.

உதிரியில் குறை தேடுகிற கை சும்மா இருக்குமா? டயர் காற்றைச் சோதித்தான். சக்கரங்கள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தான். செயினைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. ஒன்று மட்டும் புரியவில்லை. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் இடது ஃபுட்ரெஸ்ட்டை எஸ்டேட்டில் மடக்கிவிட்டுத்தான் கிளம்புவான். வீட்டில் இறங்கும்போது அது விரிந்திருக்கும். சைக்கிள் டியூபைக் கீறி அதைச் சுற்றிக் கட்டினான். மறுநாள் கட்டு கட்டியபடியே இருந்தது. ஃபுட்ரெஸ்ட் விரிந்திருந்தது...

ஜூலை 28, ஞாயிறு, காலை 8.15. வண்டி கழுவும்போது பின் அச்சில் ஒரு நூல் சுற்றியிருப்பதைப் பார்த்தான். இழுக்க இழுக்க வந்தது. பச்சையும் நீலமுமாக முறுக்கிய இழை. மயில் கழுத்து நிறம். ஸ்கேல் வைத்து அளந்தான். நாற்பத்தொரு சென்டிமீட்டர்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, காலை 8.10. இந்த முறை துணி. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கிழிசல். அதே நிறம். அதன் ஓரத்தில் சிவப்பு நூலால் கையால் போட்ட தையல். எண்ணினான். ஏழு.

இரண்டையும் ஒரு காலிப் பல்பொடி டப்பாவில் போட்டு வைத்தான். நோட்டில் எழுதிக்கொண்டான்.

கோதண்டத்திடம் மட்டும் சொன்னான். அவன் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்தான்.

“பழைய வண்டி மச்சான். எவளோ சேல மாட்டிகினு செத்துகீறா.”

பரந்தாமனுக்கும் அதுதான் தோன்றியிருந்தது. வண்டி பழையது என்றால் சாவும் பழையது. அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன். அன்று அவன் தெரிந்தே ஒரு காரியம் செய்தான். 2.40-க்கு, பின்பாரம் இறங்குவதற்கு முன்பே, எடை மேடைக்குள் வண்டியைத் திருப்பினான். இரும்புத் தகட்டின் மேல் நிறுத்தினான். மேடைக்காரர் துலுக்கானம் கூண்டுக்குள் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தபடி சொன்னார். இருநூற்று அறுபது.

பரந்தாமன் அறுபது கிலோ. வண்டி நூற்றைம்பது. கணக்கில் ஐம்பது அதிகம்.

வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினான். முள் இருநூறில் நின்றது. துலுக்கானம் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணையும் எறங்கச் சொல்லு நைனா. ஆளோட நிறுத்துனா வண்டி எட எப்டி வரும்?”

“எந்தப் பொண்ணு?”

துலுக்கானம் அவனைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அப்போது முள் தானாக அசைந்தது. நூற்றைம்பதில் வந்து நின்றது.

மணி 2.41.

துலுக்கானம் சீட்டு எழுதவில்லை. காசும் கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் பரந்தாமன் ஜம்புலிங்கத்தின் முன்னால் போய் நின்றான். இந்த வண்டியில் செத்தது யார் என்று கேட்டான். ஜம்புலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. ஆர்.சி. புத்தகத்தை எடுத்தார். ஆகஸ்ட் 11, ஞாயிறு, முழு நாளும் அவனைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். வண்டிக்கு முன்பு மூன்று சொந்தக்காரர்கள். ஒருவர் அண்ணா நகர், ஒருவர் வில்லிவாக்கம், ஒருவர் திருமுல்லைவாயில். மூவரும் வாசலுக்கு வந்து பேசினார்கள். யாரும் விழவில்லை. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. கடைசிச் சொந்தக்காரரின் மனைவி காபி கொடுத்தாள்.

“மூணு பேரும் சோறு துன்னுகினு நல்லா கீறாங்க. பாத்தியா? சாவு வுழாத வண்டி நைனா இது” என்றார் ஜம்புலிங்கம்.

அது உண்மைதான். ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்து நோட்டில் டிக் போட்டான் பரந்தாமன். பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் தளர்ந்திருக்கும் என்று சொல்லி ஜம்புலிங்கம் புதிதாக மாட்டினார். சாக்கிலிருந்து சாரி கார்டையும் எடுத்துக் காட்டினார். பாவாடை என்று கோதண்டம் சொன்னது பரந்தாமனுக்கு ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான்.

திங்கள் முதல் சனி வரை நோட்டில் ஒரே வரி. 2.31 இல்லை. 2.41 இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. ஆவணி இரண்டாம் நாள். செம்பரம்பாக்கத்தில் மாமியார் வீட்டு வாசலில் வண்டி போய் நின்றபோது நாகவல்லி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் நினைத்தபடியே முகம் மாறியது. விருந்து முடிந்தது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம், நாலரைக்கு ராகுகாலம். நடுவில் நல்ல நேரத்தில் கிளம்புங்கள் என்றாள் மாமியார் கன்னியம்மாள். ஒன்றே முக்காலுக்கு நாகவல்லி புதுச் சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

மயில் கழுத்து நிறம்.

பரந்தாமனின் கை ஆக்சிலேட்டரில் அப்படியே நின்றது. ஆடித் தள்ளுபடியில் பூந்தமல்லி முழுக்க இந்த நிறம்தானே தொங்கியது, வரும் வழியில்கூட நாலு பேர் கட்டியிருந்தார்களே என்று சொல்லிக்கொண்டான். நான்கு வாரமாக எல்லாவற்றையும் அளந்தவன் அந்த ஒன்றை அளக்கவில்லை.

அவள் சக்கரத்தைப் பார்த்தாள்.

“கம்பி இல்லியே?”

“முந்தானய இடுப்புல சொருவிக்கோ.”

சொருகிக்கொண்டாள். ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்து ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தாள்.

‘க்ரீச்.’

புது ஷாக் அப்சார்பர். அதே சத்தம். ஹேண்டில்பார் இடது பக்கம் இழுத்தது. அவன் யோசிப்பதற்கு முன்பே கை அதைச் சரிசெய்தது. இரண்டு வாரம் பழகிய எடை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பூந்தமல்லி போயிற்று. பருத்திப்பட்டு ஏரி போயிற்று. இந்த வண்டிக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று காதோரம் கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் சொல்லாமல் சிரித்தான்.

ஆவடியைத் தாண்டினான். 2.31.

அவள் பேச்சு நின்றது. காற்றில் கேட்கவில்லை போலும் என்று நினைத்தான்.

பட்டாபிராம்.

தூரத்தில் எடை மேடை. கூண்டு. மூடிய ஜன்னல்.

‘சரக்’ என்று துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்...

வண்டி ஒருமுறை உதறியது. பின்பக்கம் எழும்பியது. லேசாகிவிட்டது.

2.41.

அது எப்போதும் இறங்கும் இடம். திரும்பிப் பார்த்து ஆகப் போவது ஒன்றுமில்லை என்று அவன் உடம்பு பழகியிருந்தது. முள் ஐயாயிரத்தைத் தாண்டியது. வண்டி பாய்ந்தது. அவன் நேராகப் பார்த்து ஓட்டினான்...

பிறகுதான் ஞாபகம் வந்தது.

இன்று பின்னால் ஆள் இருந்தது.

போலீஸ் பிறகு டேப் வைத்து அளந்தது. எடை மேடையிலிருந்து அவன் வண்டியை நிறுத்திய இடம் வரை இருநூற்றுப் பத்து மீட்டர்.

அவன் திரும்பி ஓடி வந்தபோது துலுக்கானம் கையில் ஒரு சாக்கோடு அவளருகே நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கே சொன்னேனே நைனா... எறங்கச் சொல்லுன்னு.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரியில் கொடுத்த மூட்டையைக் கன்னியம்மாள் பிரித்தாள். சேலையைத் தரையில் விரித்தாள். பேசிக்கொண்டே இருந்தாள். ஆகஸ்ட் 14 அன்று பூந்தமல்லியில் வாங்கிய சேலை; பில் இன்னும் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் நாகவல்லியே உட்கார்ந்து அடி ஓரத்துக்கு ஃபால்ஸ் தைத்தாள். கடைசி ஒரு முழத்துக்குப் பச்சை நூல் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல். வீட்டில் இருந்த சிவப்பு நூலை எடுத்துத் தைத்து முடித்தாள். அடியில குனிஞ்சி யாரும்மா பாக்கப் போறாங்க என்றாளாம்.

பரந்தாமன் எழுந்து போய்ப் பல்பொடி டப்பாவை எடுத்து வந்தான். ஆகஸ்ட் 4 அன்று அச்சிலிருந்து எடுத்த துணியைச் சேலையின் ஓரத்தில் வைத்தான். அங்கே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி இல்லை. கிழிசல் இழைக்கு இழை பொருந்தியது. டப்பாத் துணியில் ஏழு தையல். எட்டாவது தையல் சேலையில் இருந்தது.

அன்றைய தேதியில் நோட்டில் ஒரே வரி இருக்கிறது. ‘அளவு சரி.’ அதற்குப் பிறகு அந்த நோட்டில் ஒன்றும் எழுதப்படவில்லை.

அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, தன் ஷெட்டுக்கே திரும்பி வந்திருந்த அந்த வண்டியை ஜம்புலிங்கம் கொரட்டூரிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவனுக்கு விற்றார். லைசென்ஸ் வாங்கி அவனுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாரி கார்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.