எர்ணாவூர் ஏடிஎம்மில் மூன்று அக்காக்கள்

கப்பல் வேலையில் நான் கற்ற பாடம் ஒன்று: வெளிநாட்டு ஏடிஎம்மில் கார்டு போடும் ஒவ்வொரு தடவையும் கட்டணம் பிடிப்பார்கள். அதனால் எந்தத் துறைமுகத்திலும் வேண்டியதை ஒரேயடியாக எடுத்துவிடுவேன்.

விடுமுறையில் வந்தபோது தம்பியின் படகுக்குப் பழைய எஞ்சின் ஒன்று பேசி முடித்தோம். விற்கிறவர் ராயபுரத்துக்காரர். பணத்தை மாதா காலடியில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் எஞ்சினைக் கொடுப்பாராம். போனில் அனுப்பினால் எதை வைப்பது? மதியம் வரைதான் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார்.

எர்ணாவூர் ஏடிஎம்மில் பழக்கதோஷத்தில் மொத்தத்தையும் கேட்டேன். மறுத்தது. குறைத்துக் கேட்டதும் பாதியைக் கொடுத்துவிட்டு, இன்றைய வரம்பு முடிந்தது என்றது. என் கார்டுக்கு அப்படியொரு வரம்பு இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

வெளியே மீன்கூடைகளோடு மூன்று அக்காக்கள் காத்திருந்தார்கள். “இன்னா நைனா, மிஷினோட சண்டையா?” என்றார் மூத்தவர். விஷயத்தைச் சொன்னேன்.

“அவ்ளோதானா? எங்க மூணு பேரு கார்டும் சும்மாதான கீது!”

ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்தார்கள். போன் நம்பரும் சொன்னார்கள். நான் பணம் அனுப்பப் பார்த்தால் சிக்னல் இல்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்பின் தெரியாத அந்த மூத்த அக்கா, நோட்டுகளை என் சட்டைப்பையில் திணித்தார்.

“சிக்னல் வந்தா அனுப்பு. எஞ்சின வேற எவனாவது தூக்கிகினு பூடுவான், ஓடு!”

வழியிலேயே பணத்தை அனுப்பிவிட்டேன். எஞ்சினும் கிடைத்தது.

அந்த எஞ்சினோடு தம்பி கடலுக்குப் போனதும் முதல் வலையில் விழுந்த சங்கரா மீனோடு அவர்களைத் தேடிப் போனேன். “காசு எடுத்துக் குடுத்ததுக்குக் கூலியா? எடுத்துகினு போ!” என்று மூத்தவர் முறைத்தார். நான் தலைகுனிந்து திரும்பினேன்.

“ஏய், மீன வெச்சிட்டுப் போப்பா!” என்று பின்னாலிருந்து அதே அக்கா சிரித்தார்.

எத்தனையோ நாட்டில் கட்டணம் கட்டியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே கட்டியது அது ஒன்றுதான்.