நாற்பத்தாறு கிலோ இனிகோ

மணப்பாட்டு இனிகோவுக்குக் கோபம் புதிதல்ல. பன்னிரண்டு வருஷம் தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர். காற்றைத் திட்டினார், அலையைத் திட்டினார், தோணித் தலைவரான தண்டலையும் திட்டினார். மூன்று பேரும் ஆளுக்கேற்ற மரியாதையோடு வழிவிட்டார்கள். அவர் கோபத்தைக் கொஞ்சமும் சட்டை செய்யாத முதல் ஜீவன், தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டின் டாக்டர் அறையில் கிடந்த எடை மெஷின்தான்.

அது 1974. புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. இனிகோவுக்கு ஒன்றில் கலாசி வேலை ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. குறுக்கே நின்றது ஒரு விதி: ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவனுக்கு இரும்புக் கப்பலில் இடமில்லை. மெஷின் நாற்பத்தேழு என்றது.

"நல்லா சாப்பிட்டுட்டு பதினைஞ்சு நாள் கழிச்சு வா" என்றார் டாக்டர் சிவசுப்பிரமணியன்.

இனிகோ சாப்பாட்டையும் கோபமாகவே சாப்பிட்டார். தினம் ஆறு முட்டை, ஒரு சீப்புப் பழம், பானை அடிவரை சோறு. மனைவி மரியசெல்வி விசிறிக்கொண்டே ஊட்டாத குறையாக உபசரித்தாள். மறுபடி போய் ஏறினார். நாற்பத்தாறு.

"தின்னதெல்லாம் எங்கன போச்சாம்?" என்று மரியசெல்வி கேட்டாள். "காலுசட்டையில ரெண்டு பொத்தான் தெறிச்சிருக்கு. அதையும் கொண்டுபோய் அந்த டாக்டர்ட்ட காட்டும்!"

கப்பல் சனிக்கிழமை புறப்படுகிறது. வியாழக்கிழமை காலை இனிகோ நேரே ஓர் உப்புக் கிட்டங்கிக்குப் போய், மூடை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். ஐம்பத்திரண்டு. கணக்குப்பிள்ளை சுந்தரராஜிடம் சர்க்கார் முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல் இரண்டை இரவல் வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, டாக்டரையும் அவர் பரம்பரையையும் வழி நெடுக விசாரித்தபடி மிதித்தார்.

டாக்டர் இன்னும் வரவில்லை. கம்பவுண்டர் ஜேசுபாதம் மட்டும் இருந்தார்.

"ஏலே இனிகோ, கல்லைத் தூக்கிட்டு எங்கன வார?"

"இதுக்கும் முட்டை வாங்கிக் குடுக்கணுமான்னு பாக்க வாரேன்."

இரண்டு கல்லையும் மெஷின்மேல் வைத்தார். நாற்பது கிலோ இரும்பு முப்பத்து நாலாக இளைத்துப்போனது. குனிந்து பார்த்த இனிகோவின் மூக்கில் ஒரு வாடை ஏறியது. தோணிப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெய்.

"இதுக்குள்ள என்னத்தவே ஊத்தினீரு?"

"சீமை மெஷினாக்கும்லே. உப்புக் காத்துல துருப்பிடிச்சிரும்லா? எங்க அண்ணன் தோணிக்கு அடிச்சதுல மிச்சம். வாரா வாரம் ஊத்துதேன்" என்றார் ஜேசுபாதம், பதக்கத்துக்கு நெஞ்சைக் காட்டுகிறவர்போல. "காலையில முள்ளு மூணு, நாலு, இப்பல்லாம் ஆறுன்னு நிக்கும். சக்கரத்தைத் திருகி சைபர்ல வச்சிருவேன்."

பலகையில் அந்த எண்ணெய் காய்ந்தால் தோல்போலப் படியும், தோணிக்கு நல்லது. மெஷினுக்குள்ளோ கம்பிகளின் மூட்டெல்லாம் பசையாகி ஒட்டிக்கொண்டன. முள் திரும்பிவர முடியாமல் நின்ற இடத்தையெல்லாம் ஜேசுபாதம் சைபர் என்று ஞானஸ்நானம் செய்திருக்கிறார். ஆறு கிலோ இனிகோ அப்படித்தான் காணாமற்போனார்.

"தோணியும் மெஷினும் ஒண்ணாவே? இது என்ன, கொழும்புக்கா போவுது?"

இனிகோ நான்கு திருகாணிகளைக் கழற்றினார். தட்டைத் தூக்கி, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் மூட்டு மூட்டாகத் தேய்த்தார். துடைத்துக் காயவிட்டார். தையல் மெஷின் எண்ணெய் ஒரேயொரு சொட்டு. மூடி, சைபரில் நிறுத்தி, கற்களை வைத்தார். நாற்பது. இறக்கினார். முள் சைபருக்கே ஓடிவந்தது.

அப்போது டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டு முகம் சிவந்தார்.

"பரீட்சை எழுதுறவனே கேள்வித்தாளை அச்சடிப்பானா? இந்த மெஷின் செல்லாது!"

"அப்போ நீங்க ஏறிப் பாருங்கய்யா."

டாக்டர் ஏறினார். எழுபத்து நாலு. மூன்று வாரமாகக் காலையில் கடற்கரையில் நடந்து அறுபத்தெட்டுக்கு இறங்கிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவந்தவர் அவர்.

"தப்பு! சுத்தத் தப்பு!"

டாக்டரை இறக்கிவிட்டு இனிகோ கற்களை மறுபடி ஏற்றினார். நாற்பது.

"சர்க்கார் முத்திரை இருக்குய்யா, பாருங்க. இந்தக் கல்லு முட்டையும் திங்கல, வாக்கிங்கும் போகல."

டாக்டர் முத்திரையைத் தடவிப் பார்த்தார். சர்க்காரோடு சண்டை போட அவருக்குத் தெம்பில்லை. இனிகோவை ஏற்றி ஐம்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா முனை காகிதத்தைக் கிழித்தது.

சான்றிதழைப் பைக்குள் வைத்தும் இனிகோவின் கோபம் இறங்கவில்லை.

"எடை இல்லன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்புனீரு?" என்று ஜேசுபாதத்தைக் கேட்டார்.

ஜேசுபாதம் ரிஜிஸ்தரைப் புரட்டினார். "இந்த மாசம் பதினோரு பேரு. வேம்பார்க்காரன் மட்டும் நாலு."

"பத்து மணிக்கு வேம்பார் பஸ் இருக்கு. நீரே போய்க் கூட்டிட்டு வாரும்."

"நான் எதுக்குலே போகணும்?"

"எண்ணெய் ஊத்துனது யாருவே?"

ஜேசுபாதம் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிகோ இரண்டு எடைக்கல்லையும் மெஷின் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கப்பல் சனிக்கிழமதான். அவனுவ வந்து ஏறுற வரைக்கும் கல்லும் இங்கனதான், நானும் இங்கனதான்."