ஜாதிக்காய் ஏறாத கப்பல்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். நாங்கள் கடல் கடந்து பிழைக்க வந்த தீவில், ஜார்ஜ் டவுனில் கன்னியர் நடத்திய ஆங்கிலப் பள்ளி. பாடப்புத்தகம், கேள்வித்தாள் எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வரும். எங்கள் விடைத்தாள்களும் அரக்கு முத்திரையிட்ட பெட்டியில் சீமைக்குப் போகும். கரையிலிருந்து கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் தொங்கான் படகில் அப்பாவுக்கு வேலை.

பரீட்சை முடிந்த அன்று, என்ன எழுதினாய் என்று அப்பா கேட்டார். ‘பழத்தோட்டத்தில் ஒரு நாள்’ என்ற கட்டுரையில் ஆப்பிள் தோட்டத்தை மூன்று பக்கம் வர்ணித்ததைச் சொன்னேன். ஆப்பிள் மரத்தை நான் பார்த்ததில்லை, பாடம் மனப்பாடம்.

“இங்க மலையடியில ஜாதிக்காத் தோட்டம் இருக்கே பாப்பா, அதை எழுதலையா?”

“அதெல்லாம் திருத்துற துரைக்குத் தெரியாதுப்பா.”

“பாத்தா தெரிஞ்சுக்குவாருல்ல.”

இரண்டு நாள் கழித்துத் தலைமைக் கன்னியர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு துணிப் பொட்டலம். உள்ளே காய்ந்த ஜாதிக்காய் நாலு, சர்க்கரையில் ஊறிய அதன் பழச்சதை கொஞ்சம். படகில் போகும்போது விடைத்தாள் பெட்டியோடு அப்பா சேர்த்துக் கட்டியிருக்கிறார். “என்னண்ணே, சம்பந்தி வீட்டுக்குச் சீரா?” என்று கூட இருந்த சித்தப்பா கேலி செய்தாராம். கப்பல்காரர்கள் அவிழ்த்துப் பள்ளிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இது சீமைக்குப் போயிருந்தால் லஞ்சம் என்று வகுப்பு முழுவதன் தாள்களையும் தள்ளியிருப்பார்கள் என்றார் கன்னியர். நான் இனிப் பள்ளிக்கு வருவதா வேண்டாமா என்பதே அப்போது கேள்வி. அப்பா வாசலில் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் படிக்காதவர், ஒன்றும் அறியாதவர், மன்னிக்க வேண்டும் என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். மன்னிப்புக் கிடைத்தது. என் ஆங்கிலத்துக்குப் பாராட்டும் கிடைத்தது.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: “என்ன பாப்பா சொன்னே?”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன்.”

“துரைக்கும் தெரியாதுன்னு நீதானே சொன்னே?”

பரீட்சையில் தேறினேன். இன்று அதே பள்ளியில் நான் ஆசிரியை. பெட்டி இன்னும் சீமையிலிருந்துதான் வருகிறது. ஆப்பிளும் பாடத்தை விட்டுப் போகவில்லை. என்றாவது கேள்வித்தாளை இந்த ஊரிலேயே எழுதுவார்கள் என்று நம்புகிறேன். எந்தப் பழத்தைப் பற்றிக் கேட்பேன் என்று இப்போதே முடிவு செய்து வைத்திருக்கிறேன்.

அன்று அப்படி எதுவும் தோன்றவில்லை. அப்பா வீம்புக்குப் பேசுகிறார் என்று நினைத்து, வீடு வரும்வரை அவருக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன்.