மங்கலும் மங்கலமும்

கீழ்பென்னாத்தூர் வேணுவின் மகள் ஆதிலட்சுமி சென்னையில் பெரிய படிப்பு படிக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். என்ன படிப்பு என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. மல்லாட்டை என்கிற நிலக்கடலையை விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவள், ஜவ்வாது மலைத் தொலைநோக்கியில் எடுத்த படத்தகடுகளை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, பகலெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பளிச்சென்று தெரியும் விண்மீன் மண்டலங்களை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ள, இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே சந்தேகம் வரும் மங்கலானவற்றை இவள் எடுத்துக்கொண்டாள். தகட்டில் தெரிவது அசல் மண்டலமா, கழுவும்போது படிந்த கறையா என்று முதலில் சொல்லவே முடியாது. இன்னொரு தகட்டிலும் அதே இடத்தில் அதே மங்கல் தெரிந்த அன்று, தன்னந்தனியாக அறையில் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படியொரு சந்தோஷத்தை அவள் அதற்குமுன் அறிந்ததில்லை.

எண்பத்தாறாம் வருஷம் பொங்கலுக்கு வந்தவளிடம், மிக்ஸி ஓடும் சத்தத்துக்கு நடுவே அம்மா பச்சையம்மாள் கேட்டாள்.

"அப்படி இன்னாதான்டி பாக்கறே அங்க?"

"மங்கலான நட்சத்திரக் கூட்டம்மா."

பச்சையம்மாள் காதில் அது 'மங்கலமான' என்று விழுந்தது. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இத்தனை வருஷம் மெனக்கெட்டுப் படிக்கிற விஷயம் மங்கலமாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

அந்தச் சமயத்தில்தான் திருவண்ணாமலை தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ராஜம்மாள், தன் மகன் சக்கரபாணிக்குப் பெண் கேட்டிருந்தாள். பையன் நல்லவன், பொறுமைசாலி. ஆனால் கல்யாணம் ஆனதும் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று நிபந்தனை. ஆதிலட்சுமி முடியாது என்றாள். வேணு தலையைச் சொறிந்தார். பச்சையம்மாள் பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். மறுவாரமே நிபந்தனையைக் கைவிட்டு, பூவும் பழமுமாகப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

காபி கொடுத்துவிட்டு நிமிர்ந்த ஆதிலட்சுமியிடம் ராஜம்மாள் கேட்டாள்.

"கல்யாணத் தேதிய நீயே பாத்துச் சொல்லிடும்மா. மங்கல நட்சத்திரமெல்லாம் உன் கையிலதான் இருக்குதுனு உங்கம்மா சொன்னாங்க."

அம்மா என்ன பேசிவிட்டு வந்தாள் என்பது ஆதிலட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. வாயை மூடிக்கொண்டால் படிப்பு பிழைக்கும். அம்மா வேறு கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் ஆயுசுக்கும் இந்த வேஷம் கட்ட முடியுமா?

"மங்கலம் இல்லீங்க அத்தை, மங்கல். வெளிச்சம் கம்மியான நட்சத்திரக் கூட்டம். நல்ல நாளு, கெட்ட நாளெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

பச்சையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராஜம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வெளிச்சம் கம்மின்னா, ரொம்பச் சின்னதா?"

"சிலது ரொம்பப் பெருசுங்க. ஒரு கரண்டி நெய்ய ஒரு இலையில ஊத்தினா மினுக்கும். அதையே பந்தி பூராவும் சொட்டுச் சொட்டா வெச்சா எந்த இலையிலயும் தெரியாது. அந்த மாதிரி, வெளிச்சம் அகலமா பரவிக் கெடக்குது. புது நட்சத்திரம் உண்டாக வாயு நிறைய இருக்குதுங்க. ஆனா அவசரப்படாம மெதுவா உண்டாக்கும்."

ஆதிலட்சுமி தன் தகடுகளை மனசுக்குள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

ராஜம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எதிரே இருந்த காபி ஆறி, ஆடை கட்டியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவனும் அந்தச் சாதிதாம்மா. சரக்கு ஜாஸ்தி, வெளிய தெரியாது. பொண்ணு பாக்க வர்றதுக்கே இவனுக்கு முப்பது வயசாச்சு. உனக்குத்தான் இப்படிப்பட்டத கண்டுபிடிச்சுப் பாக்கத் தெரியுதே." பிறகு பச்சையம்மாளிடம் திரும்பினாள். "தேதிய ஐயர்கிட்ட கேட்டுக்கலாம் சம்மந்தி. பொண்ணு படிக்கட்டும்."

சக்கரபாணி அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தான்.

"அந்தத் தகடு ஒண்ணு நானும் பாக்கலாங்களா?"