மிச்சமிருந்த ஒரே சொல்

போன செவ்வாய்க்கிழமை என் அண்ணன் போன் செய்து என்னைத் திட்டினார்.

காரணம் நான் எழுதும் இந்தப் பத்திதான். சில வாரம் முன்பு, சம்பா நாற்றைப் பதினைந்து நாளில் பறித்து நடுவார்கள் என்று எழுதிவிட்டேன். வாசகர்கள் நீங்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டீர்கள். அண்ணன் விடவில்லை.

“தப்பு… பதினஞ்சு இல்ல. மு… முப்பது. வெவசாயி… மக… நீ.”

இந்த ஏழு சொல்லுக்கு இரண்டு நிமிடம் ஆனது. போனை வைத்துவிட்டு சமையலறையில் நின்று அழுதேன். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு இதுதான் முதல் தடவை.

அண்ணன் பெயர் கலியபெருமாள். குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம். அப்பா கட்சியில் சேர்ந்த பிறகு பிறந்ததால் நான் மலர்க்கொடி ஆனேன். அண்ணன் அதற்கு முன்பே பிறந்துவிட்டார், சாமி பெயரோடு தப்பித்தார்.

அப்பா பண்ணையாளாக இருந்தவர். உழுகிறவர் பெயரிலேயே குத்தகையைப் பதியலாம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோது, அதுவரை குத்தகையைக் கையில் வைத்திருந்த மிராசுதாரின் ஆட்கள் மிரட்டியும் கேட்காமல் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, கோயில் நிலம் ஆறு மாவுக்குத் தன் பெயரை ஏற்றினார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். எங்கள் குடும்பம் நிமிர்ந்தது அந்த இரண்டு ஏக்கரில்தான். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பெயருக்கு வந்தது.

இரண்டு வருடம் முன்பு, வயலில் களை பறிப்பவர்களோடு பேசிக்கொண்டு நின்ற அண்ணன் அப்படியே வரப்பில் சரிந்தார். பக்கவாதம். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கை போனது. பேச்சும் போனது.

முழுசாகப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. ‘சரி.’

சாப்பிடறீங்களா? “சரி.” வேணாமா? “சரி.” வலிக்குதா? “சரி.”

புத்தி கலங்கிப்போச்சு என்று ஊர் முடிவு கட்டியது. நான் மட்டும் என்ன… படித்தவள், பத்தி எழுதுகிறவள். ஊருக்குப் போனால் அண்ணன் காதருகே குனிந்து, கைக்குழந்தையிடம் பேசுவதுபோல், கத்திப் பேசினேன். பேச்சு போனவரிடம் நாம் ஏன் கத்துகிறோம்? அவருக்குக் காதா போய்விட்டது?

நிலத்தைச் சித்தப்பா மகன் செல்வராஜ் பார்த்துக்கொண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் உழைத்துக்கொண்டே இருக்கிறவனுக்கு ஒரு கட்டத்தில் தோன்றும் அல்லவா, இது எனக்கே இருந்தால் என்ன என்று?

அண்ணி சரோஜா நூறு நாள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், இரண்டு சாட்சிகளோடு காகிதம் கொண்டுவந்தான். “அண்ணே, குத்தகைய எம் பேருக்கு மாத்திக்கலாமா?”

அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அழகாகக் கையெழுத்துப் போடுகிறவரின் இடது பெருவிரலில் மை தடவி உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணி திரும்பி வந்தபோது, அண்ணன் மை படிந்த விரலைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து அழுதுகொண்டிருந்தாராம்.

எனக்குப் போன் வந்தது. “மலரு, அவருக்குச் சம்மதம் இல்ல. எனக்குத் தெரியும்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுத வெட்கமாக இருக்கிறது. “அவரே சரின்னுட்டாரே அண்ணி…”

அண்ணி போனை வைத்துவிட்டார்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம் அன்று அண்ணி எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். “பேச்சுக்கும் பயிற்சி இருக்கும்மா. வெள்ளிக்கிழமையில குடவாசல் ஆஸ்பத்திரிக்கு ஒரு பொண்ணு வருது” என்று அவர் சொன்ன பிறகுதான், அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. பேச்சு போய் எட்டு மாதம் கழித்து.

அந்தப் பெண் பர்வீன். முப்பது வயதுகூட இருக்காது. தடுப்பூசிப் பெட்டிகள் அடுக்கிய அறையில் ஒரு மேசை, ஒரு கண்ணாடி, கொஞ்சம் படங்கள். பெஞ்சில் சின்னக் குழந்தைகளும் தாத்தாக்களும் சேர்ந்தே உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் நானும் போயிருந்தேன்.

பர்வீன் நாலு படத்தை வைத்து, “மாட்டைக் காட்டுங்க” என்றார். அண்ணன் காட்டினார். “தண்ணி இறைக்கிறதைக் காட்டுங்க.” பம்ப்செட்டைக் காட்டினார்.

“உங்க பேரு முருகேசனா?”

“சரி” என்றார் அண்ணன். கூடவே தலை, இல்லை இல்லை என்று வேகமாக ஆடியது.

பர்வீன் எங்கள் பக்கம் திரும்பினார். “பார்த்தீங்களா? அவரு வாயைப் பார்க்காதீங்க, தலையைப் பாருங்க. நாம சொல்றது பெரும்பாலும் புரியுது. வார்த்தைதான் வர மாட்டேங்குது.”

எட்டு மாதமாக அந்தத் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணியைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

“எந்த வார்த்தையில ஆரம்பிக்கலாம்? அவரு பேரு? தண்ணி? சாப்பாடு?” என்று பர்வீன் கேட்டார்.

அண்ணி யோசிக்கவே இல்லை. “வேணாம்னு சொல்லக் கத்துக் குடுங்கம்மா.”

கண்ணாடி முன்னால் கீழுதட்டைப் பல்லில் வைத்து ‘வே’. இடது கையால் தொடையில் ஒரு தட்டு ‘வே’, இன்னொரு தட்டு ‘ணாம்’. வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில், மற்ற நாளெல்லாம் வீட்டில். அண்ணனுக்குப் பிடிக்காததையெல்லாம் அண்ணி நாள் முழுக்க நீட்டினார். பாகற்காய் வேணுமா? வேப்பம்பூ ரசம் வேணுமா? என் தங்கச்சி வீட்டுக்குப் போவமா?

காது மெஷின் வைத்த நாலு வயது யாழினி ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தாள். அண்ணனுக்கு முன்னால் அவள் ‘வேணாம்’ கற்றுக்கொண்டாள். குளிக்க வேணாம், இட்லி வேணாம், பள்ளிக்கூடம் வேணாம். “நல்லா கத்துக் குடுத்தீங்க போங்க” என்று அவள் அம்மா சிரித்துக்கொண்டே அலுத்துக்கொண்டார். அண்ணனும் சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து, தாலுகா ஆபீசில் குத்தகை மாற்றத்துக்கான விசாரணை. பர்வீன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

அதிகாரி கேட்டார்: “நெலத்த விட்டுக் குடுக்க உங்களுக்குச் சம்மதமாங்க?”

“சரி.”

செல்வராஜ் தரையைப் பார்த்தான். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. தலை ஆடியது.

“சார், அவரு தலையைப் பாருங்க. கொஞ்சம் டைம் குடுங்க” என்றார் பர்வீன், அண்ணனின் நிலையை விளக்கித் தான் எழுதிய ஒரு கடிதத்தை நீட்டியபடி.

அந்த அதிகாரி கடிதத்தைப் படித்தார். பேனாவை மூடி வைத்தார். வெளியே பெரிய வரிசை. “அவசரமில்லங்க, நிதானமா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் கை தொடையைத் தட்டியது. “வே…” மறுபடியும் “வே…” அண்ணியின் உதடும் கூடவே அசைந்தது, சத்தம் இல்லாமல். ஒரு நிமிடம் இருக்கும்.

“வே… ணாம்.”

அதிகாரி வயல்களின் எல்லை வரைந்த புலப்படத்தை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தார். “உங்க நெலம் எதுங்க?” அண்ணன் இடது விரலால் காட்டினார். நாலு பக்க வரப்பையும் கோடு பிசகாமல் தடவினார். தண்ணீர் பாயும் மடையைக் காட்டினார், வடியும் இடத்தைக் காட்டினார். அந்தக் காகிதம் தள்ளுபடியானது.

வெளியே செல்வராஜ் அண்ணனிடம் வந்தான். “ஒண்ணும் புரியலன்னு நெனச்சிட்டேன் அண்ணே.” அது பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். அதே பாதி உண்மையைத்தானே நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்? இன்றும் அவன்தான் அந்த வயலில் இறங்குகிறான், விளைச்சலில் பங்கோடு. ஆனால் என்ன விதை, எப்போது நடவு, எல்லாம் அண்ணனைக் கேட்டுத்தான். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறான்.

பர்வீனுக்கு நன்றி சொல்லப் போனேன். நன்னிலம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார். அங்கேயும் ஒரு பெஞ்ச் காத்திருக்குமாம். “நன்றியெல்லாம் எதுக்குக்கா. இப்படி ஒரு பயிற்சி இருக்குன்னு எழுதுங்க. எல்லாரும் லேட்டாவே வர்றாங்க.”

எழுதிவிட்டேன். உங்கள் வீட்டில் யாருக்காவது பேச்சு வரவில்லையா, வந்த பேச்சு போய்விட்டதா… அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். எங்களைப்போல் எட்டு மாதம் காத்திருக்காதீர்கள்.

அவர்கள் சொல்லி முடிக்கும்வரை மட்டும் காத்திருங்கள். சொல்வது சுலபம். அண்ணன் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் எனக்கு நாக்கு நிற்காது, நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அண்ணி பக்கத்தில் இருந்தால் என் தொடையில் கிள்ளுவார்.

அவர் கிள்ளினால் ரொம்ப வலிக்கும்.